சோற்றுக்கு வந்தவர்கள்

தியான வேதபகுதி: 1 இராஜாக்கள் 19:1-8, யோவான் 6:1-27



வழக்கமாக இந்த வாரத் தியானத்தில் ஆறுதலான வார்த்தைகளையே உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன். இந்த வாரம் அப்படியல்ல. ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். பொறுமையோடு இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

நமது அசனப் பண்டிகையன்று இரவு, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த வேளையில், சபையின் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்தார். சபைக்காக இரவு பகல் பாராமல் உழைப்பவர்; அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. "ஐயா, இந்த வருஷம் பந்தியில் பாதிப் பேர் நம் ஆட்களே இல்லை. ஆராதனையில் ஒரு நாளும் பார்க்காத முகங்கள். சோற்றுக்காகவே வருகிறார்கள். அடுத்த வருஷம் சங்கக் காணிக்கை கட்டிய குடும்பங்களுக்கு மட்டும் டோக்கன் கொடுத்துவிடுவோம். கமிட்டியில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்" என்றார். அருகில் நின்ற நால்வர் தலையசைத்தார்கள். அன்றிரவு நான் பதில் சொல்லவில்லை. களைப்பாயிருந்தேன்; எனக்கும் பசி. இப்பொழுது பதில் சொல்லுகிறேன்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. பலர் சோற்றுக்காகவே வந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. சோற்றுக்காக வருவது இழிவு என்ற எண்ணத்தையே மறுக்கிறேன். அந்த எண்ணம் வேதத்திலிருந்து வந்ததல்ல; வயிறு நிறைந்தவர்களின் வீட்டிலிருந்து வந்தது.

பசி பாவத்தின் பிள்ளையா?

மனிதன் விழுந்துபோவதற்கு முன்னே, ஆதியாகமம் முதலாம் அதிகாரத்திலேயே, தேவன் அவனுக்கு ஆகாரத்தை நியமித்துவிட்டார். பாவம் வருமுன்னே வயிறு இருந்தது. உண்ண வேண்டும் என்ற தேவையும் இருந்தது. பசியும் தாகமும் உறக்கமும் சிருஷ்டிகர் மனிதனுக்குள் வைத்த ஏற்பாடுகள். அவை நம்மை எழுப்புகின்றன, நடக்கச் செய்கின்றன, ஊர்விட்டு ஊர் போகச் செய்கின்றன. வேதத்தில் எத்தனை பயணங்கள் பசியினால் தொடங்கின என்று எண்ணிப் பாருங்கள். ஆபிரகாம் எகிப்துக்குப் போனது பஞ்சத்தினால். யாக்கோபின் குமாரர் யோசேப்பைக் கண்டது தானியம் வாங்கப் போன வழியில். நகோமி பெத்லகேமுக்குத் திரும்பியது, அங்கே ஆகாரம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதினால் (ரூத் 1:6). அந்தப் பயணம் நடந்திராவிட்டால் ரூத்துக்குப் போவாஸ் இல்லை, ஓபேத் இல்லை, தாவீதும் இல்லை. நம் இரட்சகரின் வம்சவரலாற்றிலேயே ரொட்டி தேடிப் போன இரண்டு விதவைகளின் காலடிகள் பதிந்திருக்கின்றன.

இளைய குமாரனை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அவனைக் குறித்து எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம்! அவனுக்குப் புத்தி தெளிந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது எது? தகப்பனுடைய அன்பு அல்ல. தகப்பன் வீட்டுக் கூலிக்காரருக்குக் கிடைக்கும் பூர்த்தியான சாப்பாடு (லூக்கா 15:17). அவன் சோற்றுக்காகவே வீடு திரும்பினான். தகப்பன் வாசலில் நின்று, "மனந்திரும்பி வந்தாயா, பசித்து வந்தாயா?" என்று விசாரிக்கவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான், பந்தி வைத்தான். விசாரித்தவன் மூத்த குமாரன். டோக்கன் கேட்பவர்கள் அந்த உவமையில் தாங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கியவர், யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறார். இன்று நம்மிடம் அவர் வந்திருந்தால் அவிசுவாசத்தைக் குறித்து ஒரு மணி நேரம் போதித்திருப்போம். தேவனோ முதலில் அவரைத் தூங்கவிட்டார். பிறகு தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் சாப்பிடச் சொன்னார். இரண்டு உறக்கம், இரண்டு வேளை உணவு. அதற்கு அப்புறம்தான் ஓரேபின் மெல்லிய சத்தம். பசித்த தீர்க்கதரிசியோடு தேவன் வாக்குவாதம் பண்ணவில்லை. யவீருவின் மகளை உயிரோடெழுப்பிய ஆண்டவர் அந்த வீட்டாருக்குச் சொன்ன கடைசிக் காரியமும் அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்பதே (மாற்கு 5:43). உயிர்த்தெழுந்த சிறுமிக்கும் பசிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

விசுவாசியின் வயிறும் வயிறுதான்

"உண்மையான விசுவாசி பசியிலும் ஆவிக்குரியவைகளையே நாடுவான்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், போரினால் பட்டினியாய்க் கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்று அறிவதற்காக, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 1944-45ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடத்தினார். அதற்குத் தங்களையே ஒப்புக்கொடுத்தவர்கள் 36 இளைஞர்கள். மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். அவர்களில் பலர் குவேக்கர், மென்னோனைட், சகோதர சபை போன்ற சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள். அந்நியர் பசி தீரத் தாங்கள் பசித்திருக்க முன்வந்தவர்கள். இவர்களைவிட நல்ல விசுவாசிகளை நீங்கள் எங்கே தேடுவீர்கள்?

24 வாரங்கள் அவர்களுக்கு அரைகுறை உணவே கொடுக்கப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. குறைந்தது எடை மட்டுமல்ல. உலக சமாதானத்தைப் பற்றி ஆர்வமாய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் பேசவில்லை. சமையல் புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். அற்பக் காரியங்களுக்கு எரிந்து விழுந்தார்கள். தோழமையிலும் சிரிப்பிலும் நாட்டம் போயிற்று. அவர்கள் விசுவாசத்தை இழந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பசித்த உடல் மனதின் எல்லா அறைகளையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் என்று சொல்லுகிறேன். அது ஒழுக்கக்கேடு அல்ல, சரீரத்தின் நியதி. அப்படியிருக்க, மூன்று நாள் வேலையில்லாமல் நம் பந்தியில் உட்கார்ந்த கூலித் தொழிலாளியிடம், "உன் சிந்தை எங்கே இருந்தது?" என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

தாது வருஷத்தை மறந்தீர்களோ?

இனி நம் சொந்த வரலாற்றுக்கு வருகிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் பெரும் பஞ்சம் வாட்டியது. நம் பாட்டனார்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். மாண்டவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

அந்தப் பஞ்சத்தில் நிவாரணத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். 1874இல் பீகாரில் வந்த பஞ்சத்தின்போது இதே டெம்பிள் அரிசியை வரவழைத்து மக்களைக் காப்பாற்றியிருந்தார். வீண் செலவு செய்தார் என்று மேலிடத்தார் அவரை ஏசினார்கள். பாடம் கற்றுக்கொண்டு வந்தார். தேவையில்லாதவனும் இலவசமாய்ச் சாப்பிட்டுவிடுவானோ என்ற அச்சமே இப்பொழுது அவருடைய கொள்கை. உண்மையாகவே பசியுள்ளவன்தானா என்று சோதிக்க, வீட்டிலிருந்து பல மைல் தூரத்திலுள்ள வேலைத்தலத்துக்கு நடந்து வரச்செய்யும் முறை இருந்தது. நாள் முழுவதும் மண் வெட்டும் ஆணுக்குக் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று 1877இன் தொடக்கத்தில் குறைத்தார். இது உயிர் தாங்கப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் போராடினார். சில மாதங்களுக்குப் பின் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

சபையாரே, ஒரு பண்டிகைச் சாப்பாட்டுக்கான டோக்கனையும் இலட்சக்கணக்கானோரின் மரணத்தையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றே: "இவன் தகுதியுள்ளவன்தானா?" பசித்தவன் முன் அந்தக் கேள்வியைக் கேட்பவன், தான் கணக்கில் கண்டிப்பானவன் என்றே நினைத்துக்கொள்ளுகிறான். டெம்பிளும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அதே பஞ்சத்தில் வேறொருவர் வேறுவிதமாய் நடந்தார். ஒங்கோலில் ஊழியம் செய்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி ஜான் கிளவ், பஞ்ச நிவாரணமாக வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைலுக்கும் மேற்பட்ட பகுதியை ஒப்பந்தமாய் எடுத்து, பட்டினியாய்க் கிடந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் தோல் தொழில் செய்த மாதிகர். ஊராரால் தொடத் தகாதவர்கள் என்று தள்ளப்பட்டவர்கள். ஞானஸ்நானம் கேட்டுத் திரளாய் வந்தார்கள். அவரோ, பஞ்ச நிவாரணம் நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். சோற்றை மறுக்கவில்லை, சோற்றுக்கு விலையாக ஞானஸ்நானத்தை வாங்க மறுத்தார். நிவாரணம் நின்றபின், இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று ஆனபின்னும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதில் நமக்கு இரண்டு பக்கமும் கருக்குள்ள பட்டயம் இருக்கிறது. சோறு போட்டு ஆள் சேர்ப்பதும் பாவம். ஆள் பார்த்துச் சோறு போடுவதும் பாவம். இரண்டும் அப்பத்தின் மேல் விலைச்சீட்டு ஒட்டுகிற ஒரே வியாபாரம். நம்மை வெளியார் "அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்றும் "பால் பவுடர் கிறிஸ்தவர்கள்" என்றும் ஏளனம் செய்தபோது நமக்கு எப்படி வலித்தது! அதே சொல்லை இன்று நாமே எடுத்து, நம் வாசலில் நிற்கிற ஏழையின் மேல் எறிகிறோம்.

நம் ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை யாராவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? 1877, 1878ஆம் வருஷப் பக்கங்களில் பெயர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பஞ்சம் தீர்ந்தபின் திரும்பிப் போனவர்களும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. தங்கியவர்களின் சந்ததியார்தான் இன்று கமிட்டியில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். என் பாட்டியின் தாத்தா, பத்து வயதுச் சிறுவனாய், மிஷன் வளாகத்துக் கஞ்சித்தொட்டிக்கு ஒரு மண்சட்டியோடு வந்தவர். "எங்க தாத்தா கஞ்சிக்கு வந்தார், கர்த்தர் பிடிச்சுக்கிட்டார்" என்று பாட்டி வெட்கமில்லாமல் சொல்லுவாள். அந்தச் சிறுவனிடம் அன்று எவராவது டோக்கன் கேட்டிருந்தால், இன்று இந்த அங்கியை நான் அணிந்திருக்கமாட்டேன்.

1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். சோற்றுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஆனார்கள்! "நீ சோற்றுக்கு வந்தவன், ஆகையால் உன் படிப்பு போலி" என்று எவனாவது சொல்லுவானா? கல்விக்கு இல்லாத தீட்டு சுவிசேஷத்துக்கு மட்டும் எப்படி வந்தது?

ஆண்டவரே கடிந்துகொண்டாரே?

இங்கே நீங்கள் வேதத்தைத் திறப்பீர்கள் என்று அறிவேன். அப்பம் புசித்துத் திருப்தியானதினால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று ஆண்டவரே ஜனங்களைக் கடிந்துகொண்டாரே என்பீர்கள் (யோவான் 6:26). ஆம். ஆனால் அது எப்பொழுது என்று பாருங்கள். முந்தின நாள் ஐயாயிரம் பேரைப் பந்தியிருத்தி, அவரவர் வேண்டியமட்டும் உண்டபின், மறுநாள்தான் அந்த வார்த்தை. மனுஷருடைய உள்ளத்தில் இருப்பதை அறிந்தவர், அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை அப்பம் பிட்டபோதே அறிந்திருந்தார். அறிந்தும் பிட்டார். அவர் சொன்னதும் கதவை மூடுகிற வார்த்தையல்ல. இன்னும் மேலான அப்பம் உண்டு, அதற்கும் வாருங்கள் என்கிற அழைப்பு. நாமோ முதல் நாளின் அப்பத்தைக் கொடாமல், இரண்டாம் நாளின் கடிந்துகொள்ளுதலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவீர்கள். அதை ஆண்டவர் எந்த வயிற்றோடு சொன்னார்? நாற்பது நாள் பட்டினியாயிருந்த தம் வயிற்றோடு, தம்மைக் குறித்துச் சொன்னார். ஒரு வனாந்தரத்தில் தமக்காக ஒரு கல்லையும் அப்பமாக்க மறுத்தவர், மற்றொரு வனாந்தரத்தில் பிறருக்காக ஐந்து அப்பங்களைப் பெருகப்பண்ணினார். என் பசியைக் குறித்து நான் அந்த வசனத்தைச் சொல்லலாம், அது விசுவாசம். பசித்த என் அயலானைப் பார்த்து, சாப்பிட்டு முடித்த கையோடு நான் அதைச் சொன்னால், அது யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்த அதே மாய்மாலம்.

நாம் எதற்காக வருகிறோம்?

நமக்கும் சரீரம் உண்டு. பிரசங்கம் பன்னிரண்டு மணியைத் தாண்டும்போது உங்கள் முகங்கள் மாறுவதைப் பீடத்திலிருந்து பார்க்கிறேன். உங்களைக் குற்றஞ்சாட்டவில்லை, எனக்கும் அப்படித்தான். பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோதே ஐத்திகு ஜன்னலிலிருந்து தூங்கி விழுந்தான். மின்விசிறிக்குக் கீழுள்ள பெஞ்சு எப்பொழுதும் முதலில் நிரம்புகிறது. நம் சாட்சிகளைக் கேளுங்கள்: முக்கால் பங்கு நோய் நீங்கியது, குழந்தை பிறந்தது, வேலை கிடைத்தது. மருத்துவமனை வராந்தாவில் முழங்காலிட்ட அன்றுதானே நம்மில் பலர் முதன்முதலாய் உண்மையாக ஜெபித்தோம்? வலி நம்மைக் கொண்டுவந்தது. அதைச் சாட்சி என்று மேடையில் சொல்லுகிறோம். ஏழையைப் பசி கொண்டுவந்தால், அதை மட்டும் ஏமாற்று என்கிறோம்.

இதை நான் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. குருத்துவ அபிஷேகம் பெற்ற புதிதில், ஒரு வறண்ட கிராமத்துச் சபையில் ஊழியம் செய்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் முடிவில் கஞ்சி ஊற்றுவோம். ஒருவர் தம் சிறுமகளோடு ஒவ்வொரு வாரமும் ஜெபம் முடியும் நேரத்துக்குச் சரியாக வருவார், கஞ்சி குடிப்பார், போய்விடுவார். இறையியல் கல்லூரியில் கற்ற எல்லாம் என் தலையில் சூடாயிருந்த காலம். ஒரு நாள் எல்லார் முன்பாகவும், "ஜெபத்துக்கு வராதவருக்குக் கஞ்சி எதற்கு?" என்று கேட்டேன். "சரிங்க ஐயா" என்றார். மகளின் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். அதன்பின் வரவில்லை. செங்கல் சூளையில் வேலை முடிந்து நேராக அங்கேதான் வந்துகொண்டிருந்தார் என்று கோயில்பிள்ளை எனக்குச் சொன்னபோது, அவர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகிறது. ஒவ்வொரு முறையும் திருவிருந்தின் அப்பத்தைக் கையில் எடுக்கும்போது அந்தத் தூக்குச்சட்டி என் நினைவுக்கு வருகிறது.

ஆகையால் சபையாரே, வருகிற கமிட்டியில் டோக்கன் தீர்மானம் வந்தால் நான் எதிர்ப்பேன். பெரும்பான்மையோர் அதை நிறைவேற்றினால், அசனத்தன்று நான் உங்கள் பந்தியில் உட்காரமாட்டேன். டோக்கன் இல்லாதவர்களோடு வாசலில் நிற்பேன். செலவு பெருகுகிறது என்றால் ஒரு கறியைக் குறைப்போம். பந்தலின் அலங்காரத்தைக் குறைப்போம். சோறு சகலருக்கும் ஒன்றாயிருக்கட்டும். கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறித்திருந்ததைப் பவுல் அற்பக் குற்றமாக எண்ணவில்லை. அது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றார்.

சோற்றுக்கு வந்தவர்களைச் சோறு போட்டு அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தால் மகிழுங்கள். வராவிட்டாலும், பசித்த ஒரு வயிறு நம் பிதாவின் வீட்டில் ஒரு வேளை நிறைந்ததே என்று மகிழுங்கள். வழியில் எங்கே பிடித்துக்கொள்வது என்பது கர்த்தருக்குத் தெரியும். அவர் என் பாட்டியின் தாத்தாவை ஒரு கஞ்சித்தொட்டியின் அருகில் பிடித்துக்கொண்டார்.

ஜெபிப்போம்: எங்களை மண்ணினால் உருவாக்கி, அந்த மண்ணுக்குப் பசியையும் வைத்த பிதாவே, நாங்கள் நிறைந்திருக்கும்போது பசித்தவனை நியாயந்தீர்க்காதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். நாங்கள் உம்மிடம் எதற்காக வந்தோம் என்று நீர் கேளாமல் எங்களைப் பந்தியில் அமர்த்தினதை நாங்கள் மறவாதிருக்க அருள்செய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சேகர குருவானவர்